ஒரே சட்டம், ரெண்டு வாசல்

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில ஆரம்பிக்குது. ஒரு நாட்டை விட்டுப் போனவங்க திரும்பி வந்து நிரந்தரமா தங்க நினைச்சா, அந்த நாடு என்ன பார்த்து உள்ளே விடும்? பிறந்த ஊரையா? பாட்டன் பூட்டன் யாருன்னா? இல்ல, கையில இருக்குற பாஸ்போர்ட்டையா?

ரெண்டு பேரைக் கற்பனை பண்ணிக்கலாம். பேர் வேண்டாம்.

முதல் ஆள் தாயில்பட்டிக்காரர். சிவகாசி பக்கம், வெம்பக்கோட்டை வட்டாரம், பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊர். அப்பா ஒரு ஆலையில போர்மேன். பையன் இன்ஜினியரிங் முடிச்சு, ஹெச்1பி விசாவுல அமெரிக்கா போய், கிரீன் கார்டு வாங்கி, கடைசியில அமெரிக்கக் குடிமகன் ஆயிட்டார். இப்போ வயசு நாற்பது.

ரெண்டாவது ஒரு அக்கா. அவங்களுக்கும் நாற்பது. அவங்க பூட்டன் இதே கரிசல் மண்ணுல இருந்து 1920 வாக்கில கங்காணி கூட்டிட்டுப் போய் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலைக்குச் சேர்ந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு நகர்ந்தது. 1990ல போர் துரத்த, அஞ்சு வயசுல படகுல இராமேஸ்வரம் வந்து இறங்கினாங்க. இப்போ இருக்குறது கண்டியாபுரம் முகாம்ல. அதுவும் வெம்பக்கோட்டை வட்டாரம்தான். விருதுநகர் மாவட்டத்துல குல்லூர்சந்தை மாதிரி இன்னும் சில முகாம்கள் உண்டு. 2021ல தமிழ்நாடு அரசு இதுக்கெல்லாம் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு பேரை மாத்துச்சு.

ரெண்டு பேருக்கும் பூர்வீகம் ஒண்ணு. இன்னைக்குச் சட்டத்தோட கண்ணுல ரெண்டு பேருமே வெளிநாட்டவர். ஆனா ஒருத்தருக்கு ஆயுள் முழுக்க வந்து போக, தங்க, வேலை பார்க்க அனுமதி. இன்னொருத்தருக்கு 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பேர். இந்த வித்தியாசம் எப்படி வந்துச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல பழைய விதி

1950ல நடைமுறைக்கு வந்த நம்ம அரசியலமைப்புச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரலை. தானா விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினா இந்தியக் குடியுரிமை போயிடும். 1955ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9வது பிரிவும் இதையே சொல்லுது. நம்ம தாயில்பட்டி இன்ஜினியர் அமெரிக்காவுல உறுதிமொழி எடுத்த நிமிஷமே இந்தியர் இல்லை.

நேரு காலத்துக் கொள்கையும் இதுக்கு ஒத்துப்போச்சு. வெளிநாட்டுல குடியேறினவங்க அந்த நாட்டோட ஒன்றிப்போகணும், அங்கேயே குடிமக்கள் ஆகணும்னு அவர் நினைச்சார். இலங்கை அதுக்கு வழி விடலை. 1948ல சுதந்திரம் வாங்கின அதே வருஷம் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாதவங்களா ஆனாங்க.

1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கும். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டாங்க. 1974ல அவங்களையும் ஆளுக்கு 75,000னு பிரிச்சாங்க. ஸ்பிரெட்ஷீட்டுல நம்பரைப் பிரிக்கிற மாதிரிதான். யாருக்கு எங்கே போக விருப்பம்னு அந்த மக்களைக் கேட்டு முடிவான கணக்கு இல்லை அது.

ஆனா ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். அந்த ஒப்பந்தத்துல வந்தவங்களை இந்தியா குடிமக்களாத்தான் ஏத்துக்கிட்டது. தலைமன்னார்ல கப்பல் ஏறி, இராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம் வழியா நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க வந்தாங்க. 'தாயகம் திரும்பியோர்'னு தனி ஏற்பாடே நடந்துச்சு. நீலகிரியில அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் டேன்டீ தேயிலைத் தோட்டங்களை அரசு தொடங்குச்சு. சென்னையில ரெப்கோ வங்கி போர்டு பார்த்திருப்பீங்க. 'ரெப்கோ'வுல இருக்குற 'ரெப்' என்னன்னா, ரீபேட்ரியேட்ஸ், அதாவது தாயகம் திரும்பியவர்கள். பர்மாவுல இருந்தும் இலங்கையில இருந்தும் வந்தவங்களுக்காக 1969ல தொடங்கின வங்கி அது.

அப்படின்னா, கையில பணமோ பாஸ்போர்ட்டோ இல்லாம திரும்பி வந்தவங்களுக்கும் வீடு, கடன், வேலை, குடியுரிமைன்னு ஒரு முழு சிஸ்டத்தையே இந்தியா ஒரு காலத்துல கட்டியிருக்கு. குறைகள் இருந்துச்சு, வந்தவங்க பட்ட கஷ்டமும் நிறைய. ஆனா முடியும்னு நிரூபிச்ச நாடு இது.

1984ல போர் காரணமா கப்பல் நின்னுபோச்சு. ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிச்ச பலர் அந்தப் பக்கமே மாட்டிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் படகுல வந்தவங்க 'தாயகம் திரும்பியோர்' இல்லை, 'அகதிகள்'. அதே பூர்வீகம், அதே கடல். மாறினது வந்த வருஷமும் வாகனமும் மட்டும்தான்.

அட்டையோட கதை

இப்போ முதல் ஆள் பக்கம் வருவோம். 1998 மே மாசம் பொக்ரான் அணுகுண்டு சோதனை. பல நாடுகள் பொருளாதாரத் தடை போட்டுச்சு. அதே ஆகஸ்டுல இந்தியா வெளிநாட்டு இந்தியர்கள்கிட்ட 'ரிசர்ஜன்ட் இந்தியா' பத்திரங்களை வித்து 400 கோடி டாலருக்கும் மேல திரட்டுச்சு. அடுத்த வருஷம், 1999 மார்ச்சுல, பிஐஓ அட்டைத் திட்டம் வந்துச்சு. இந்திய வம்சாவளியினருக்கு 20 வருஷத்துக்கு விசா தேவையில்லை. கட்டணம் 1,000 டாலர். தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, எந்த மாதிரி வம்சாவளியினரை மனசுல வச்சுத் திட்டம் போட்டாங்கன்னு புரியும். பாகிஸ்தான், வங்கதேசத்தோட இலங்கையையும் அந்தத் திட்டத்துல இருந்து விலக்கி வச்சாங்க.

அடுத்து எல்.எம். சிங்வி தலைமையிலான உயர்மட்டக் குழு. 2002 ஜனவரியில அறிக்கை வெளியாச்சு. இரட்டைக் குடியுரிமை கொடுக்கலாம்னு பரிந்துரை. 2003 ஜனவரி 9, காந்தி தென்னாப்பிரிக்காவுல இருந்து திரும்பி வந்த நாள், முதல் வெளிநாடுவாழ் இந்தியர் தினம். அந்த மேடையிலதான் பிரதமர் வாஜ்பாய் இரட்டைக் குடியுரிமையை அறிவிச்சார்.

அதைச் செயல்படுத்த வந்ததுதான் 2003 குடியுரிமைத் திருத்தச் சட்டம். முதல் பட்டியல்ல 16 நாடுகள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா உண்டு. ஃபின்லாந்து, சைப்ரஸ்கூட உண்டு. மலேசியா இல்லை, சிங்கப்பூர் இல்லை, இலங்கை இல்லை, தென்னாப்பிரிக்கா இல்லை, ஃபிஜி இல்லை. கூலிக்காகக் கப்பல் ஏறின தமிழர்கள் போன நாடு எதுவும் அதுல இல்லை.

எதிர்ப்பு வந்து, 2005ல பாகிஸ்தான், வங்கதேசம் தவிர எல்லா நாட்டுக்கும் திறந்துவிட்டாங்க. 2006 ஜனவரியில ஹைதராபாத்ல பிரதமர் மன்மோகன் சிங் முதல் ஓசிஐ அட்டைகளைக் கொடுத்தார். 2015 ஜனவரி 9ல பழைய பிஐஓ அட்டைகளையும் ஓசிஐயோட சேர்த்தாங்க. இன்னைக்கு 40 லட்சத்துக்கும் மேல அட்டைகள் வழங்கியாச்சு.

பேருல 'குடியுரிமை' இருந்தாலும் ஓசிஐ குடியுரிமை கிடையாது. ஆயுள்கால விசான்னு வச்சுக்கோங்க. நம்ம பாஷையில சொன்னா ரீட் ஆக்சஸ் உண்டு, கொஞ்சம் ரைட் ஆக்சஸ் உண்டு, அட்மின் ஆக்சஸ் கிடையாது. ஓட்டு இல்லை, தேர்தல்ல நிக்க முடியாது, பொதுவா அரசு வேலையும் இல்லை. நம்ம இன்ஜினியர் சிவகாசியில வீடு வாங்கலாம். அப்பாவோட கரிசல் காடு வாரிசா வரலாம். அதுக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு ஏக்கர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது.

'ஆயுள்கால'ங்கிற வார்த்தையையும் ரொம்ப நம்பிட முடியாது. 2020 மார்ச்சுல கொரோனா வந்தப்போ ஓசிஐக்காரங்க விசா இல்லாம வர்ற வசதியை அரசு ஒரே உத்தரவுல நிறுத்தி வச்சுது. மே மாசம்தான் அவசரக் காரணம் உள்ளவங்களுக்குத் தளர்த்துச்சு. 2021 மார்ச் 4 அறிவிக்கையில நீட் மாதிரி தேர்வுகள்ல ஓசிஐ மாணவர்களுக்கு என்ஆர்ஐ ஒதுக்கீடு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. முன்னாடியே அட்டை வாங்கினவங்களுக்கு இது பொருந்தாதுன்னு 2023ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. ஆனாலும் குடிமகனா திரும்பி வரவும் வழி இருக்கு. அஞ்சு வருஷம் ஓசிஐயா இருந்து, விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இந்தியாவுல வசிச்சிருந்தா குடியுரிமை கேட்கலாம்.

அதே சட்டத்தோட இன்னொரு பக்கம்

இப்போதான் எபிசோடோட மையத்துக்கு வர்றோம்.

வாஜ்பாய் மேடையில அறிவிச்சதைச் செயல்படுத்தின அதே 2003 திருத்தச் சட்டம் இன்னொரு வேலையும் பண்ணுச்சு. 'சட்டவிரோதக் குடியேறி'ங்கிற சொல்லைக் குடியுரிமைச் சட்டத்துக்குள்ள முதல்முறையா எழுதுச்சு. செல்லுபடியாகுற பாஸ்போர்ட், பயண ஆவணம் இல்லாம வந்தவங்க எல்லாரும் அதுல அடக்கம். அவங்க பதிவு மூலமாவும் குடியுரிமை கேட்க முடியாது, இயல்புரிமை மூலமாவும் கேட்க முடியாது.

போர்ல இருந்து உயிர் தப்பிப் படகுல வந்த அஞ்சு வயசுக் குழந்தை கையில எந்தப் பயண ஆவணம் இருக்கும்?

பிறப்பு விதியும் படிப்படியா இறுகுச்சு. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்திருந்தா போதும், நீங்க குடிமகன். அதுக்கப்புறம் பெற்றோர்ல ஒருத்தர் இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பர் 3க்கு அப்புறம் பிறந்தா, ஒருத்தர் இந்தியரா இருந்தும் போதாது, இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது. நம்ம அக்காவுக்கு 2006ல ஒரு பொண்ணு பிறந்ததா வச்சுக்கோங்க. இங்கேயே பிறந்து, இங்கேயே படிச்சு, இப்போ காலேஜ். அவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, ஓட்டும் கிடையாது.

இந்தத் தேதிகள் எவ்வளவு முக்கியம்னு ஒரு உண்மைச் சம்பவம் சொல்லுது. 1986ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண், தேதியைக் காட்டி 2022ல உயர் நீதிமன்றத்துல பாஸ்போர்ட் உரிமை வாங்கினாங்க. 2024 மக்களவைத் தேர்தல்ல திருச்சியில முதல்முறையா ஓட்டுப் போட்டாங்க. 1987 ஜூலை 1க்கு அப்புறம் பிறந்திருந்தா அந்த வழி இல்லை.

சரி, அக்கா ஓசிஐக்கு விண்ணப்பிச்சா என்ன? பூட்டன் வரைக்கும் வம்சாவளியைச் சட்டம் ஏத்துக்குதே. முதல் இஃப் கண்டிஷன்லயே எரர் அடிக்கும். ஓசிஐ வாங்க உங்ககிட்ட இன்னொரு நாட்டுக் குடியுரிமை இருக்கணும். இந்தியாவுக்குத் திரும்பி வர்ற வாசலுக்கு, வேற நாட்டுப் பாஸ்போர்ட்தான் சாவி!

அரசுத் தரப்பையும் சொல்லிடணும். முகாம்ல இருக்குறவங்க தங்க விருப்பத்தோட இலங்கை திரும்புறதுதான் இறுதித் தீர்வுங்கிறது மத்திய அரசோட நீண்டகால நிலைப்பாடு. இலங்கையும் 2003ல சட்டம் போட்டு, 2009ல திருத்தி, இந்தியாவுக்குத் தப்பி வந்த மலையகத் தமிழர்களும் அங்கே குடியுரிமை கேட்கலாம்னு வழி பண்ணுச்சு. தேவையான சட்டம்தான். ஆனா முப்பத்தஞ்சு வருஷமா விருதுநகர் மாவட்டத்துல வாழுற குடும்பத்துக்கு, கிளிநொச்சியில ஒரு வீடும் இல்லாதப்போ, எது 'திரும்பிப் போறது'?

2019 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளி முகாம்வாசிகளோட குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னார். அதே வருஷக் கடைசியில வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்தவங்களுக்கு மட்டும் வழி திறந்தது. இலங்கை அதுல இல்லை. 2025 செப்டம்பர்ல ஒரு சின்ன நகர்வு. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாம வந்ததுக்கான தண்டனைப் பிரிவுகள்ல இருந்து விலக்கு கொடுத்தாங்க. தண்டனை இல்லைங்கிறது பெரிய நிம்மதி. ஆனா அது குடியுரிமையும் இல்லை, அட்டையும் இல்லை.

தலைமுறைக் கணக்கு

வம்சாவளியை எவ்வளவு தூரம் நீட்டலாம்? 2024 மார்ச்சுல மொரிஷியஸ் போன குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, அங்கே ஏழாவது தலைமுறை வரைக்கும் ஓசிஐன்னு அறிவிச்சார். 2025 ஜூலையில டிரினிடாட்ல பிரதமர் மோடி ஆறாவது தலைமுறை வரைக்கும்னு அறிவிச்சார். நல்ல முடிவுகள். கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்க வாரிசுகளை நாடு மறக்கலைன்னு அர்த்தம்.

அப்போ தேயிலைத் தோட்டத்துக்குப் போனவரோட வாரிசு? கண்டியாபுரத்துல இருக்குற அந்தப் பொண்ணு அஞ்சாவது தலைமுறைதான். அவ கடல் தாண்டி வர வேண்டியதில்லை. பூட்டனோட ஊருக்கு டவுன் பஸ்ல போயிடலாம்.

ஓசிஐ தப்புன்னு நான் சொல்ல வரலை. அமெரிக்கா போன தாயில்பட்டிக்காரர் வயசான காலத்துல அப்பா அம்மாவோட வந்து இருக்கணும்னு நினைச்சா, அந்த வாசல் திறந்திருக்கத்தான் வேணும். வம்சாவளியைச் சட்டம் மதிக்கும்னு கொள்கை அளவுல முடிவு பண்ணிட்டோம். அந்தக் கொள்கையை டாலர் வச்சிருக்கவங்களுக்கு ஒரு மாதிரியும், படகுல வந்தவங்களுக்கு வேற மாதிரியும் ரன் பண்ண முடியாதுங்கிறேன். 2003ல ஒரே சட்டத்துல ரெண்டையும் எழுத முடிஞ்சுதுன்னா, ரெண்டாவதைத் திருத்தவும் ஒரு சட்டம் போதும். அதுக்கு முன்மாதிரி தேடி வெளியே போகவும் வேண்டாம். அடுத்த தடவை ரெப்கோ வங்கியைத் தாண்டிப் போறப்போ அந்தப் பேரை ஒருமுறை முழுசா விரிச்சுச் சொல்லிப் பாருங்க.