பூட்ஸுக்குள் ஒரு டைரி

முதல் உலகப் போர் என்றதும் நம் ஊரில் ஞாபகத்துக்கு வருவது 'எம்டன்'. 1914 செப்டம்பர் 22 அன்று ராத்திரி, சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டு ஓடிய ஜெர்மன் கப்பல். இன்றைக்கும் கில்லாடியான ஆளைப் பார்த்தால், "சரியான எம்டன்ப்பா" என்கிறோம். அதே போருக்காகக் கப்பலேறிய இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல ஆளில்லை. போனவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குக் கடிதம் போடக்கூட இன்னொருத்தர் கையை எதிர்பார்க்க வேண்டும். டைரி எழுதுவதெல்லாம் ஆபீஸர்கள் சமாசாரம்!

அந்த வழக்கத்தை மீறிய ஒரு வங்காளி இளைஞர் உண்டு. பெயர், சிசிர் பிரசாத் சர்வாதிகாரி. (சர்வாதிகாரம் பெயரில் மட்டும்தான். ராணுவத்தில் அவருக்குக் கிடைத்தது ஆகக் கடைசிப் படிக்கட்டு.)

வங்காளிகள் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அன்றைய வெள்ளைக்கார அரசின் தீர்மானம். சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர் எல்லாம் 'வீர இனம்'. வங்காளி என்றால் குமாஸ்தா! 'துப்பாக்கி தராவிட்டால் போகட்டும், காயம்பட்டவர்களையாவது தூக்குகிறோம்' என்று கல்கத்தாப் பிரமுகர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் 'பெங்கால் ஆம்புலன்ஸ் கோர்'. 1915-ல் அதில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார் சிசிர். ஸ்ட்ரெச்சர் தூக்குவது, கட்டுப் போடுவது, தண்ணீர் கொடுப்பது... இதுதான் வேலை. கிடைத்த நேரத்தில் டைரி எழுதினார்.

இவர்கள் போய் இறங்கிய இடம் மெசபடோமியா. இன்றைய இராக். அப்போது துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது. பாஸ்ராவைப் பிடித்து எண்ணெயைக் காப்பாற்றினால் போதும் என்று ஆரம்பித்த பிரிட்டிஷ் படைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆசை வளர்ந்தது. டைக்ரிஸ் ஆற்றோடு மேலே மேலே போனது. தளபதி, ஜெனரல் டவுன்ஷெண்ட். அடுத்து பாக்தாத்! பின்னாளில் சிசிர் தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பே 'அபி லே பாக்தாத்'. 'இப்பவே பாக்தாதைப் பிடி' என்று அர்த்தம்.

பிடிக்க முடிந்ததா? 1915 நவம்பர் 22. பாக்தாத் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. டெசிஃபான் என்ற இடத்தில் துருக்கியர்கள் காத்திருந்தார்கள். சண்டை முடிந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தோ, காயம்பட்டோ கிடந்தார்கள். ஆம்புலன்ஸ் வண்டி என்ற பெயரில் இருந்தவை ஸ்பிரிங் இல்லாத கட்டை வண்டிகள். எலும்பு முறிந்தவனை அதில் ஏற்றிக் கரடுமுரடான தரையில் ஓட்டினால் எப்படியிருக்கும்? அந்த அலறலுக்கு நடுவில்தான் நம்மாளின் உத்தியோகம்.

பின்வாங்கிய படை 'கூட்' என்ற ஊரில் வந்து ஒதுங்கியது. மூன்று பக்கமும் ஆறு. நாலாவது பக்கம் துருக்கியர்கள். 1915 டிசம்பர் தொடங்கி 147 நாட்கள் முற்றுகை! மாவு குறைந்தது. வண்டி இழுத்த குதிரைகள் சமையலுக்குப் போயின. இந்தியச் சிப்பாய்கள் பலர் குதிரைக்கறியைத் தொட மறுத்தார்கள். 'சாப்பிட்டால் தோஷமில்லை' என்று இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதியை வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நாளைக்குக் கால் பவுண்டு ரொட்டி. மேலே விமானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டார்கள். அதிலும் சில ஆற்றில் விழுந்தன. மீட்க வந்த படை 23 ஆயிரம் பேரை இழந்ததுதான் மிச்சம். இரண்டு மில்லியன் பவுண்டு வரை தருகிறோம், எங்கள் ஆட்களை விட்டுவிடுங்கள் என்றுகூடப் பேரம் பேசிப் பார்த்தார்கள். பேரத்துக்குப் போனவர்களில் பின்னாளில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று புகழ் பெற்ற லாரன்ஸும் ஒருவர். பாச்சா பலிக்கவில்லை.

1916 ஏப்ரல் 29. சுமார் 13 ஆயிரம் பேர் சரணடைந்தார்கள்.

இங்கேதான் அந்த டைரியின் கதை தொடங்குகிறது. சிசிர் தன் டைரியைக் கிழித்து, தாள்களை பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டார். பாக்தாத் போய்ச் சேர்ந்ததும், அந்தத் துண்டுகளை வைத்துப் புதிதாக ஒரு டைரி எழுதினார். வடக்கே பாலைவனத்தில் நடத்திச் சென்றபோது டைக்ரிஸைக் காலால் கடக்க வேண்டியிருந்தது. புது டைரியும் நனைந்தது. மறுபடியும் பிரதி எடுத்தார். பிறகு கொஞ்ச காலம் அதை மண்ணில் புதைத்து வைத்திருந்தார்.

குடிக்கத் தண்ணீர் இல்லாத வழியில், கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு மனுஷன் காகிதத்துக்காகப் பட்ட பாடு இது!

அதே சமயம் ஜெனரல் டவுன்ஷெண்ட் என்ன ஆனார்? இஸ்தான்புல்லுக்குப் பக்கத்தில் ஒரு தீவில் வசதியான வீடு. கைதியாக இருக்கும்போதே 'சர்' பட்டம். அவருடைய நாய் 'ஸ்பாட்'டைக்கூடத் துருக்கியர்கள் பத்திரமாக பிரிட்டிஷ் தரப்புக்கு அனுப்பிவைத்தார்கள். அவருடைய சிப்பாய்களுக்கு அந்த நாயின் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பிடிபட்ட சுமார் 2,600 பிரிட்டிஷ் சாதாரணச் சிப்பாய்களில் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பவில்லை. இந்தியர்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். அதில் எத்தனையோ பேர் செத்தார்களா, இருக்கிறார்களா என்பதற்கே பதிவு இல்லை.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்கில் ஒரு தொகை இடித்தால், அதை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் தள்ளிவைப்போம். அப்புறம் தேடிக் கண்டுபிடித்துச் சரிபண்ண வேண்டும் என்பது விதி. இந்தச் சிப்பாய்களை அந்தக் கணக்கில் தள்ளியவர்கள், அப்புறம் தேடவே இல்லை.

சிசிர் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட இடம் ராஸ் அல் அய்ன். இன்றைய சிரியாவின் எல்லை ஊர். அங்கேயும், பிறகு அலெப்போவிலும் மருத்துவமனை வேலை. அர்மீனியர்களைத் துருக்கி அரசு விரட்டிக் கொன்ற அந்த வருடங்களில், விரட்டப்பட்டவர்கள் வந்து குவிந்த ஊர்களில் ராஸ் அல் அய்னும் ஒன்று. அந்தக் கொடுமையையும் எழுதி வைத்தார் சிசிர். தன் தரப்பையும் விடவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஒரு கவனிப்பு, இந்தியச் சிப்பாய்க்கு ஒரு கவனிப்பு என்பதும் டைரியில் ஏறியது. ஆனால், காயம்பட்டுப் படுத்திருந்த துருக்கிச் சிப்பாய்களோடு உட்கார்ந்து ஊர், குடும்பம், சுக துக்கம் என்று பேசியதும் அதே டைரியில்தான் இருக்கிறது. யாரைச் சுட வந்தோமோ, அவனுக்கும் ஊரில் ஒரு அம்மா காத்திருக்கிறாள் என்பது தளபதிகளின் அறிக்கையில் வராது.

போர் முடிந்தது. டவுன்ஷெண்ட் 1920-லேயே தன் தரப்பு நியாயங்களைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். அதே வருடம் பார்லிமென்டுக்கும் போனார். சிசிரின் புத்தகம்? 1950-களின் பிற்பகுதியில்தான் வெளியானது. அதுவும் வங்காள மொழியில், சொந்த முயற்சியில். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருடமாகியிருந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2012-ல் நாவலாசிரியர் அமிதவ் கோஷ் விரிவாக எழுதிய பிறகுதான் வங்காளத்துக்கு வெளியே பலருக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரிய வந்தது.

சென்னை மாகாணத்திலிருந்தும் சிப்பாய்கள் மெசபடோமியாவுக்குப் போனார்கள். வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி இருந்தால், அதில் செல்லரித்த நோட்டு ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். அதைக் காப்பாற்ற அவர் என்ன பாடு பட்டாரோ, யாருக்குத் தெரியும்!