மத்தும் மறைந்த கீரையும்

இத்தாலி தேசத்தில் லசான்யா என்னும் ஓர் உணவு உண்டு. கோதுமை மாவை முட்டை சேர்த்துப் பிசைந்து, மெல்லிய தகடுகளாகத் தேய்த்து, கொதிநீரில் இட்டு எடுப்பார்கள். ஒரு தகட்டின்மேல் தக்காளிக் குழம்பும் கொத்திறைச்சியும், அதன்மேல் மாவும் பாலும் வெண்ணெயும் கூட்டிக் காய்ச்சிய வெண்குழம்பும், அதன்மேல் துருவிய சீஸும் பரப்பி, மறுபடியும் தகடு, மறுபடியும் குழம்பு என நாலைந்து அடுக்குகள் அடுக்கி, ஓவன் அடுப்பில் வைத்து வாட்டி எடுப்பார்கள். ஹைதராபாத் நகரின் வடகிழக்கே, நாம் குடியிருக்கும் மல்காஜ்கிரி வட்டாரத்தில் இப்பண்டம் இன்று அபூர்வமானதன்று. கடையில் வாங்கிச் சுவைத்த சிறுவர் சிறுமியர் வீட்டிலும் அதைக் கேட்கிறார்கள். தாய்மாரும் செய்து தருகிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு சிறு தந்திரம் செய்கிறார்கள். கேரட், பரங்கிக்காய், சுரைக்காய், கீரை முதலியவற்றை வேகவைத்து, மிக்ஸியில் விழுதாக அரைத்து, தக்காளிக் குழம்போடு கலந்துவிடுகிறார்கள். கீரை என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை, அது இருப்பதறியாமலே தட்டைக் காலி செய்கிறது.

இத்தந்திரம் நவநாகரிகத்தின் கண்டுபிடிப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் சரியன்று. இதன் சரித்திரம் பழையது. பல்லாயிரம் குழந்தைகளின் கண்ணொளியோடு சம்பந்தப்பட்டது. அச்சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயம் ஒன்று மல்காஜ்கிரிக்கு அருகிலேயே, தார்நாகாவில் எழுதப்பட்டது.

முதலில் இத்தாலிக்குச் செல்வோம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘லிபர் டே கொக்குவினா’ என்னும் லத்தீன் பாகசாஸ்திர நூலில் லசான்யா சமைக்கும் முறை காணப்படுகிறது. புளிக்கவைத்த மாவைத் தகடாக்கி வேகவைத்து, துருவிய சீஸையும் வாசனைப் பொடியையும் அடுக்கடுக்காகத் தூவி, கூரிய மரக்குச்சியால் குத்தி எடுத்து உண்ணச் சொல்கிறது அந்நூல். அதில் தக்காளி இல்லை; இருக்கவும் இயலாது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அப்பழம் 1492இல் கொலம்பஸ் மேற்கொண்ட கடற்பயணத்துக்குப் பின்னரே ஐரோப்பாவை அடைந்தது. இன்று லசான்யாவின் உயிர்நாடியாகத் தோன்றும் தக்காளியே பிற்காலத்து விருந்தாளிதான்! இன்னொரு செய்தியும் உண்டு. பொலோன்யா நகரத்தாரின் புகழ்பெற்ற லசான்யா பச்சை நிறமானது. மாவு பிசையும்போதே வெந்து மசிந்த பாலக்கீரையை அதில் சேர்த்துவிடுவது அவ்வூர் வழக்கம். இத்தாலியச் சமையற்கலைக் கழகத்தார் 2003ஆம் ஆண்டில் அம்முறையைப் பொலோன்யா வணிகச் சபையில் முறைப்படி பதிவு செய்தும் வைத்தார்கள். கீரை அங்கே தன் வடிவத்தை இழந்துவிட்டது, நிறத்தை இழக்கவில்லை. இவ்வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வடிவத்தை அழித்து உண்ணும் வழக்கம் நம்மவர்க்கும் புதிதன்று. கீரையை மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்து மசியலாக்குவது தமிழ்நாட்டு அடுக்களையில் தினசரி வேலை. முருங்கைக்கீரையை அடை மாவில் இடுவதும், பருப்போடு காய்களைக் குழையவிட்டுக் கூட்டாக்குவதும் அவ்வகையைச் சேர்ந்தவையே. ‘பருப்புக்கீரை’ என்று ஒரு கீரைக்குப் பெயரே வைத்துவிட்டோம். தெலுங்கு நாட்டார் இதில் நம்மை மிஞ்சியவர்கள். 1999இல் ஏற்பட்ட ரைத்து பஜார்கள் எதிலேனும் காலை வேளையில் நுழைந்தால், தோட்டகூரா, பாலகூரா, சுக்ககூரா, பச்சலிகூரா, மெந்திகூரா, கோங்கூரா என்று கட்டுக் கட்டாய்க் குவிந்திருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை பருப்போடு வெந்து, ‘பப்புகுத்தி’ என்னும் மர மத்தால் மசிக்கப்பட்டு, நெய் விட்ட சோற்றில் கலந்து குழந்தைகளின் வாய்க்குள் செல்கின்றன. அயல்நாட்டுக் காய்களையும் இப்படியே நம்முடையவை ஆக்கிக்கொண்டோம். பரங்கிக்காயும் தக்காளியைப் போல அமெரிக்காவிலிருந்து வந்ததே. ‘பரங்கி’ என்ற சொல்லே அதன் பூர்விகத்தைக் காட்டிக் கொடுக்கிறது.

இப்பழக்கங்களின் பயன் என்ன என்று விஞ்ஞானம் வினவத் தொடங்கியது நீலகிரி மலையில். 1918ஆம் ஆண்டில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், ‘பெரிபெரி’ நோயைப் பற்றிய விசாரணைப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. அதை நிறுவியவர் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர். ஆலையில் தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களை அந்நோய் வாட்டிற்று. புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். 1928இல் அவ்வறை ‘உணவுச்சத்து ஆராய்ச்சிக்கூடம்’ ஆக வளர்ந்தது. மக்காரிசன் அதன் முதல் தலைவர். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிகளுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியை நிறுத்துப் பார்த்தது அவருடைய மிகப் பிரசித்தமான சோதனை. முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்தார் உணவை உண்டவையோ வரிசையின் கடைசிக்குச் சென்றன. தமிழர்களாகிய நமக்கு இது உவப்பான செய்தியன்று. ஆயினும் அச்சோதனை குறை கண்டது மசியலிலும் கூட்டிலும் அன்று. அவற்றை வாங்க இயலாத ஏழையின் வெறும் சோற்றில்.

1935 முதல் 1945 வரை அக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் ஐக்ராய்டு. இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவை அட்டவணைப்படுத்தி, 1937இல் ‘சுகாதாரப் பிரசுரம் 23’ என்ற சிறு நூலை அவர் வெளியிட்டார். அதன் வழித்தோன்றலாக 2017இல் வெளிவந்த அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இடம்பெற்றுள்ளன. (மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு இத்தகைய அட்டவணைகள் ஒரு சோதனை. வைட்டமினை ‘ஜீவசத்து’ என்றார்கள், ‘உயிர்ச்சத்து’ என்றார்கள், கடைசியில் வைட்டமினே நிலைத்தது. கீரைகளின் பெயர்களோ ஜில்லாவுக்கு ஜில்லா மாறுகின்றன.) அதே 1937இல் ஐக்ராய்டும் சென்னைக் கண் மருத்துவர் ரைட்டும் சேர்ந்து, கருவிழி மென்மையாகிக் கரையும் கொடிய நோய்க்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துச் சிகிச்சை செய்த விவரத்தை வெளியிட்டார்கள். அவ்வெண்ணெய்க்குச் செந்நிறம் தருவது கரோட்டின் என்னும் பொருள். கேரட்டிலும் பரங்கிக்காயிலும் மஞ்சளாகத் தெரிவதும், கீரையின் பச்சை நிறத்துக்கு அடியில் மறைந்து கிடப்பதும் அதுவே. உடலுக்குள் சென்றபின் அது வைட்டமின் ‘ஏ’ ஆக மாறுகிறது.

1958இல் ஆராய்ச்சிக்கூடம் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு, உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை அடுத்த தார்நாகாப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. 1969இல் பொன்விழாக் கண்டபோது ‘தேசிய உணவூட்ட நிறுவனம்’ என்ற பெயரைப் பெற்றது. அக்காலத்தில் மாலைக்கண் நம் நாட்டு ஏழைக் குழந்தைகளிடையே சர்வ சாதாரணம். பொழுது சாய்ந்தால் குழந்தை தடவித் தடவி நடக்கும். கவனியாது விட்டால் கருவிழி கெட்டுப் பார்வையே போகும். டாக்டர் சி. கோபாலன் முதலியோர் இந்நிறுவனத்தில் நடத்திய ஆராய்ச்சியின் பயனாக, 1970இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கிற்று. ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ‘ஏ’ மருந்தை இரண்டு லட்சம் அலகு அளவில் புகட்டுவது அத்திட்டம்.

மருந்து அவசரத்துக்கு உதவும். அன்றாடம் உதவ வேண்டியது உணவல்லவா? கீரையிலுள்ள கரோட்டின் மெலிந்த குழந்தையின் உடலில் ஒட்டுமா என்ற கேள்வி எழுந்தது. ஒட்டும் என்று அதே 1970இல் இந்நிறுவனத்தார் கண்டு வெளியிட்டார்கள். உணவோடு சிறிதளவு எண்ணெய் சேர்த்தால் நன்றாகவே ஒட்டும் என்று 1980இல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்வு காட்டிற்று. பிற்பாடு ஓர் ஐயம் கிளம்பியது. 1995இல் இந்தோனேசியாவில் பாலூட்டும் தாய்மாருக்குக் கீரை கொடுத்துப் பார்த்தவர்கள், எதிர்பார்த்த பலன் காணவில்லை என்றார்கள். கரோட்டின் கீரையின் உயிரணுக்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது; பூட்டை உடைத்தாலன்றி அது வெளிவராது என்பதே விளக்கம். 1999இல் நெதர்லாந்து நாட்டார் பாலக்கீரையை முழு இலையாகவும், நறுக்கியும், கூழாக்கியும் கொடுத்துச் சோதித்தார்கள். முழு இலையைவிடக் கூழிலிருந்தே கரோட்டின் மிகுதியாக உடலில் சேர்ந்தது. மண்சட்டியில் சுழன்ற மத்தும் பப்புகுத்தியும் செய்துவந்தது இந்தப் பூட்டுடைப்பையே! மேலே ஊற்றிய கரண்டி நெய்யும் வீணன்று. ஆகவே, லசான்யாவுக்காகக் கீரையை அரைக்கும் தாய், குழந்தையின் கண்ணுக்கு அதை மறைப்பதோடு, அதே கண்ணுக்கு வேண்டிய சத்தையும் விடுவிக்கிறாள்.

பள்ளிக்கூட உணவின் சரித்திரத்திலும் இதே முறை கையாளப்பட்டிருப்பதைக் காணலாம். 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராஜர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறிச் சாம்பாரும் இடம்பெற்றது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் அமரும் பந்தியில் பொரியல் தனியே வைத்தால் அது இலையில் ஒதுங்கிவிடும். சாம்பாரில் குழைந்த காய் ஒதுங்குவதில்லை.

மறைத்து ஊட்டுவது உண்மையில் பலன் தருமா என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2011இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளின் உணவில் காய்கறி விழுதைத் தெரியாதபடி சேர்த்தார்கள். குழந்தைகள் வேற்றுமை பாராட்டாமல் வழக்கமான அளவே உண்டார்கள். உட்கொண்ட காய்கறி ஏறக்குறைய இரு மடங்காயிற்று. உணவின் கலோரி 12 சதவிகிதம் குறைந்தது. சோற்றுக்கே வழியில்லாதிருந்த காலத்தில் இக்குறைவு நமக்கு வேண்டியிராது. நொறுக்குத் தீனியால் பிள்ளைகள் பருத்துவரும் இந்நாளில் அதுவும் ஒரு லாபமே.

எனினும் நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். அரைப்பது நன்று, பொய் சொல்லுவது நன்றன்று. பரங்கிக்காயை ஒரு நாளும் காணாமலே பரங்கிக்காய் உண்டு வளர்ந்த குழந்தை, பெரியவனான பின் சந்தையில் அதை வாங்கப்போவதில்லை. புதிய காயைக் குழந்தை ஏற்பதற்குப் பலமுறை கண்டும் சுவைத்தும் பழக வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கண்டது. நம் பாட்டிமார் கீரையைக் கடைந்தார்களேயன்றி, அது கீரையன்று என்று சாதிக்கவில்லை. பச்சை மசியலும் பொலோன்யாவின் பச்சை லசான்யாவும் தம் நிறத்தாலேயே தம்மை அறிவித்துக்கொள்கின்றன. ‘இதில் என்னம்மா போட்டாய்?’ என்று குழந்தை கேட்டால், உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ருசித்த பிறகு கேட்ட உண்மை அவ்வளவாகக் கசப்பதில்லை.

இனி, வீட்டில் செய்ய விரும்புவோருக்கு நம் இல்லத்து முறையைக் கூறுகிறோம். ஆறு பேருக்குத் தக்காளி 400 கிராம், பரங்கிக்காய் 200 கிராம், கேரட் 100 கிராம், தண்டுக்கீரை 100 கிராம் போதும். பரங்கியும் கேரட்டும் வெந்தபின் தக்காளியோடு அரைத்து, இரண்டு கரண்டி எண்ணெயில் பூண்டும் வெங்காயமும் வதக்கி, விழுதைக் கொட்டிச் சுருளவிட வேண்டும். எண்ணெயைக் குறைக்கலாம், அறவே விலக்கக் கூடாது. கீரையைத் தனியே மசித்து மாவில் சேர்த்துப் பிசைந்தால் தகடு பச்சையாகும். மைதாவில் பாதியைக் குறைத்து ஆட்டா சேர்ப்பது நலம். வெண்குழம்புக்குப் பதிலாகப் பாலில் கரைத்த பாசிப்பருப்பு மசியலை இடுகிறோம். இத்தாலியர் கண்டால் கோபித்துக்கொள்வர். சீஸ் மேலடுக்குக்கு மட்டும் போதும். ஓவன் இல்லாத வீட்டில், அடி கனத்த பாத்திரத்தில் அடுக்கி, மூடியை மாவால் ஒட்டி, ஹைதராபாத்தார் பிரியாணிக்குச் செய்வதுபோல் இளந்தீயில் ‘தம்’ போட்டால் அடுக்குகள் நன்றாகவே சேர்ந்து வேகும். மேல்மட்டும் சிவக்காது.

கணக்குப் பார்த்தால் காய்கறி மொத்தம் 800 கிராம். ஆளுக்கு 133 கிராம். தார்நாகா நிறுவனத்தார் 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், வளர்ந்தவர் ஒருவருடைய 2000 கலோரி உணவில் நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம் இருக்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. லசான்யாவில் தீர்வது அதில் மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கும் கூட்டாகவும் பொரியலாகவும், கண்ணுக்குத் தெரியும்படியாகவே, மற்ற இரு வேளைகளிலும் தட்டுக்கு வந்தாக வேண்டும்.