கல்லும் ஒப்பாரியும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமானின் ஊர். அவனிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவனை இழந்து அழுத ஔவையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

புறநானூற்றின் 232ஆம் பாட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லைப் பற்றியது. கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைக்கிறார்கள். நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதையா கொள்வான் என்று ஔவை மனம் கலங்குகிறார். 235ஆம் பாட்டில், அவன் பகிர்ந்து உண்ட நாட்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி அழுகிறார்.

சாவு வீட்டில் நம் கிராமத்துப் பெண்கள் செய்வதும் இதைத்தானே! ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுகையில் ஒருத்தி அடி எடுப்பாள், மற்றவர்கள் தொடர்வார்கள். மெட்டு பழையது; சொற்கள் அன்றைக்குக் கட்டியவை. குருவும் இல்லை, ஏடும் இல்லை. போனவரின் பெருமையோடு, புகுந்த வீட்டில் தான் பட்ட துயரையும் சேர்த்தே பாடிவிடுவாள். மற்ற நாட்களில் அதைச் சொல்ல அவளுக்கு வாய் ஏது?

தருமபுரிப் பக்கத்தில் நடுகற்கள் பல. ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயரை வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். அவனுக்காக அழுத தாயும் மனைவியும் கட்டிய பாட்டுக்குக் கல்லில் இடமில்லை. ஔவையின் பாட்டு ஏட்டில் ஏறியது, 1894இல் உ.வே. சாமிநாதையர் கையால் அச்சிலும் ஏறியது. மற்றவை காற்றோடு போயின.

உங்கள் வீட்டுப் பாட்டிக்கு ஒப்பாரி தெரியுமா? அருகில் அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அவளும் ஓர் ஔவைதான்.