கொசுறோடு பிறந்த பீப்பாய்

சென்னைக்கு வடக்கே, கவரைப்பேட்டையில் ஜி.என்.டி. சாலையோரப் பட்டறைகளுக்கு முன்னால் நீல நிற இரும்பு டிரம்களைப் பார்க்கலாம். இன்ஜின் ஆயில் வந்து காலியானவை. மேல்மூடியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். ‘கச்சா எண்ணெய் பீப்பாய் 70 டாலர்’ என்று செய்தியில் சொன்னதும் நம் கண்ணில் வருவது இந்த டிரம்தான். ஆனால் இது 200 லிட்டர் பிடிக்கும். செய்தியில் வரும் பீப்பாய் 159 லிட்டர். அந்த அளவில் எண்ணெய் நிரப்பிய பாத்திரத்தை இன்று யாரும் ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. இருப்பது கணக்கு மட்டும்.

அந்தப் பீப்பாய்க் கணக்கு பிறந்த இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா. 1859இல் டைட்டஸ்வில்லில் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தபோது, ஊற்றி வைக்கப் பாத்திரம் இல்லை. விஸ்கி பீப்பாய் முதல் கைக்குக் கிடைத்த மரப்பீப்பாய் எல்லாவற்றிலும் நிரப்பினார்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வண்டியில் போகும்போதே ஒழுகும். வாங்குபவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1866இல் எண்ணெய்க்காரர்கள் கூடி ஒரு முடிவு கட்டினார்கள்: 40 கேலனுக்குக் காசு, மேலே 2 கேலன் கொசுறு. காய்கறிக் கடையில் கறிவேப்பிலை போடுவதைப் போல. பின்னால் குழாயும் கப்பலும் வந்து மரப்பீப்பாய் ஒழிந்தது. கொசுறோடு சேர்ந்த 42 கேலன், அதாவது அந்த 159 லிட்டர் மட்டும் உலகத்துக்கே அளவாக நின்றுவிட்டது.

அந்த அளவுதான் காவிரிப் படுகைக்கும் வந்தது. நாகை, திருவாரூர் பக்கம் 1980களில் ஓஎன்ஜிசி எண்ணெய் கண்டது. அங்கிருக்கும் நரிமணம் என்ற ஊரின் பெயரை நாடு அறிந்தது அப்போதுதான். வயலுக்கு நடுவே இருக்கும் கிணற்றிலிருந்து ஒரு பீப்பாய் எடுத்தால் கையில் என்ன நிற்கும்? போட்டுப் பார்ப்போம்.

உலகச் சந்தை விலை 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் வளர்ச்சித் தீர்வை 20 சதவீதம். 14 டாலர் மத்திய அரசுக்கு. பழைய நிலப்பரப்பு வயல்களில் ராயல்டி, சந்தை விலையைவிடச் சற்றுக் குறைவான கிணற்றடி விலையில் 20 சதவீதம். சுமார் 13 டாலர் மாநில அரசுக்கு. மிச்சம் 43. பம்பு ஓட்ட, கூடவே வரும் உப்புத் தண்ணீரைப் பிரிக்க, சம்பளம் கொடுக்க, கிணறு தோண்டிய முதலீட்டை ஆண்டுதோறும் கழிக்க என எல்லாமாக 30 டாலர் என்று ஒரு பேச்சுக்குப் போடுவோம். நிற்பது 13 டாலர். வருமான வரி இனிமேல்தான்.

இப்போது விலை 50 டாலருக்கு இறங்குகிறது. தீர்வை 10, ராயல்டி 9 போக மிச்சம் 31. கிணற்றுச் செலவு மட்டும் இறங்காது, அதே 30. நிற்பது ஒரே டாலர். விலை மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. லாபம் பதின்மூன்றில் ஒன்றாகிவிட்டது. கிணறு பழசாக ஆக எண்ணெய் குறைந்து தண்ணீர் கூடும். அதே செலவைக் குறைந்த பீப்பாய்களின் தலையில் கட்ட வேண்டிவரும்.

விலை ஏறினால் கொண்டாட்டமா? 2022 ஜூலையில் விலை உச்சத்தில் இருந்தபோது, உள்நாட்டு எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி விழுந்தது. பீப்பாய்க்கு ஏறத்தாழ 40 டாலர். அந்த வரியை நீக்கியது 2024 டிசம்பரில்.

கவரைப்பேட்டை பங்க்குக்கு வருகிற டீசலின் கதை வேறு. வடசென்னையின் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. அன்று பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்று சிபிசிஎல். ஆண்டுக்கு 105 லட்சம் டன், அதாவது நாளுக்கு இரண்டு லட்சம் பீப்பாய்க்கு மேல் காய்ச்சும் திறன். பெரும்பகுதி கப்பலில் வரும் அயல்நாட்டு எண்ணெய். இங்கே மொத்த லாபத்துக்குப் பெயர் ஜி.ஆர்.எம்.: ஒரு பீப்பாயிலிருந்து பிரித்த பெட்ரோல், டீசல், தார் எல்லாவற்றின் விலையில் கச்சா எண்ணெயின் விலையைக் கழித்தது. சிபிசிஎல்லுக்கு இது 2022-23இல் சுமார் 12 டாலர். 2024-25இல் 4 டாலரைச் சற்றே தாண்டியது. ஆண்டுக்கு ஏழரைக் கோடி பீப்பாய் காய்ச்சும் இடத்தில் ஒரு டாலர் கூடினாலும் குறைந்தாலும் 600 கோடி ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

பங்க்குக்கு வந்து சேர்ந்ததும் பீப்பாய் மறைந்து லிட்டராகிவிடுகிறது. பங்க் நடத்துபவருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். சந்தை ஆட்டம் அவரை அதிகம் தொடுவதில்லை.

கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் போனால், எண்ணூருக்கு முன்னால் கழிமுகத்துப் பாலம் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து இந்தக் கழிமுகத்தில் படர்ந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்தன. மீனவர்கள் கையால் அள்ளி டிரம்களில் ஊற்றினார்கள். எண்ணெய் நிஜமாகவே பீப்பாயில் நின்ற நாட்கள் அவை. பீப்பாய்க்கு இத்தனை டாலர் லாபம் என்று இனி யாராவது சொன்னால், எங்கே நின்று சொல்கிறார், எதையெல்லாம் கழித்தார், எதைக் கழிக்காமல் விட்டார் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.