பெயர் பறித்த பேரரசும் பெயர் தந்த எழுத்தும்

ஒரு சொல் இழிவடையும்போது அச்சொல்லால் சுட்டப்பெறும் மனிதனும் இழிவடைகிறான். 'கூலி' என்னும் சொல்லின் வரலாறே இதற்குச் சான்றாகும். உழைப்பின் பயனாகப் பெறுவதே தமிழில் கூலி. முயற்சி தரும் பயனைக் குறிக்க வள்ளுவரும் இச்சொல்லை ஆண்டுள்ளார். ஐரோப்பியர் வழக்கிலோ அது உழைப்பவனின் பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்த தோட்டங்கள்தோறும் வசைச் சொல்லாகவும் பரவிற்று. குசராத்தின் 'கோலி' என்னும் இனப்பெயரே ஆங்கிலச் சொல்லின் மூலம் என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், மனிதனை மறைத்துக்கொண்டு அவனுடைய ஊதியம் முன்னே நின்றது என்பதே உண்மை.

ஏட்டில் எழுதிய எண்

அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. அடிமைகள் நின்ற இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் நிறுத்தப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-இல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆம்பூரைத் தன்னகத்தே கொண்டிருந்த அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்தார் அவர்களுள் மிகுதி.

கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடலிலுள்ள தழும்பும் மச்சமும் குறிக்கப்பட்டன. சந்தையில் சுழி பார்த்து மாடு பிடிப்பதையே இது நினைவூட்டுகிறது. தமிழர் பெயர்களின் ஈற்றிலுள்ள 'சாமி' என்பதைத் தென்னாப்பிரிக்க வெள்ளையர் இந்தியர் அனைவரையும் இகழும் பெயராக்கினர். அச்சொல்லுக்குத் தலைவன் என்பதே பொருள் என்று சிலர் அவர்களுக்கு எடுத்துரைத்ததைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் முறை வேறு; ஆயினும் விளைவு ஒன்றே. அங்கு ஆள் சேர்த்தவன் கங்காணி, குடியிருப்பு 'லயம்', காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் 'பெரட்டுக் களம்'. ஒரு நாள் வேலை ஏட்டில் ஏறினால் அது ஒரு 'பேர்'. வேலை குறைந்ததெனத் துரை கருதினால் விழுவது 'அரைப் பேர்'. மனிதனின் பெயரைப் பாதியாக அறுக்க முடியும் என்பதை இச்சொல்லைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் கூறவில்லை.

மூவர் மொழி

இம்மொழிக்கு எதிராகத் தமிழ் எழுத்து எவ்வாறு இயங்கிற்று? மூன்று படிகளை இங்குக் காணலாம்.

முதற்படி இரக்கம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற பெண்களைப் பாரதி பாடினார். தொலைதூரத்து அழுகையைத் தமிழ் வீடுகளுக்குள் கேட்கச் செய்த பெருமை அப்பாடலுக்கு உண்டு. எனினும் அப்பெண்களுள் எவருக்கும் அதில் பெயரில்லை. அவர்கள் ஒரு கூட்டமாகவே அழுகின்றனர்.

இரண்டாம் படி பெயர். புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' 1935-இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. அதன் தலைவி மருதி. நெல்லைச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குச் செல்லும் சேரிப்பெண். துரையின் இச்சைக்கும் நோய்க்கும் அவள் உடல் இரையாகிறது. தோட்டத்துத் தமிழைத் திருத்தாமல், உடைந்தது உடைந்தபடியே ஆசிரியர் தருகிறார். அவருடைய எள்ளல் வெள்ளையரோடு நிற்கவில்லை. மருதியைத் துரத்திய ஊர்ப் பெரியதனத்தையும் அது விட்டுவைக்கவில்லை. பேரரசுக்கு மனிதரைப் பொருளாக்கித் தந்ததில் உள்ளூர்ச் சாதியமைப்புக்கும் பங்குண்டு என்பதே கதையின் கசப்பான உண்மை. ஏட்டில் வெறும் ஆளாக இருந்தவள் கதையில் மருதியானாள்.

மூன்றாம் படி குரல். மலையகத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984), 1947-இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1948-இன் குடியுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றோராக்கக் கண்டவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதை சக்தீ பாலஐயாவால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாயிற்று. தொழிலாளர் தம் வாயாலேயே பாடிய நாட்டுப் பாடல்களையும் தேடித் தொகுத்து, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். கங்காணியையும் துரையையும் பாடலில் ஏசியவர்கள் தம்மை ஒருபோதும் பொருளாக எண்ணியதில்லை என்பதற்கு அத்தொகுப்பே சான்று.

எஞ்சிய கடன்

மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர், குடியேற்ற ஆதிக்கம் மனிதனைப் பொருளாக்குவது என 1950-இல் எழுதினார். அதற்குப் பதினைந்து ஆண்டுகட்கு முன்பே அதனைக் கதையாக்கிக் காட்டியது தமிழ். நேட்டால் பதிவேடுகள் இன்றும் உள்ளன. வட ஆர்க்காடு என்னும் குறிப்பின் எதிரே பெயர்கள் வரிசையாக நிற்கின்றன, தழும்புகளும் எழுதப்பட்டுள்ளன. அத்தழும்பு அறுவடையில் பட்டதா, அடியால் விழுந்ததா என்பதை எழுத்தர் எழுதவில்லை. பாலாற்றங்கரையின் கவிஞர்களுக்காகக் காத்திருப்பது அந்த எழுதாத பகுதியே.