உலகக் கிண்ணத்திற்கு முன் இரண்டு வாசல்கள்: 17 வயதுக்குட்பட்டோர் காற்பந்துத் தகுதிச் சுற்று நடக்கும் விதம்

17 வயதுக்குட்பட்டோருக்கான ஃபிஃபா உலகக் கிண்ணம் 2025 தொடங்கி 2029 வரை ஆண்டுதோறும் கத்தாரில் நடைபெறுகிறது. முன்பு ஈராண்டுக்கு ஒருமுறை 24 நாடுகள் ஆடிய போட்டியில் இப்போது 48 நாடுகள். ஏற்று நடத்தும் கத்தாரைத் தவிர்த்து, ஆசியாவுக்கு 4 ஆக இருந்த இடங்கள் 8 ஆகியுள்ளன. வாய்ப்பு கூடியிருந்தாலும் மலேசியா இன்னும் அந்த வாசலைத் தாண்டவில்லை.

மலேசியக் காற்பந்து சங்கத்தின் தலைமையகம் கிளானா ஜெயாவில் இருக்கிறது. ஆசியக் காற்பந்து சம்மேளனம் புக்கிட் ஜாலிலில் இருக்கிறது. கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளிலிருந்து இரண்டுமே அதிகத் தொலைவில்லை. ஆனால், திடலில் பந்து உதைக்கும் ஒரு பையன் அங்கிருந்து உலகக் கிண்ணத்தை எட்டும் பாதை நீளமானது.

இரண்டு கட்டங்கள்

முதல் கட்டம், ஆசியக் கிண்ணத்திற்கான தகுதிச் சுற்று. குலுக்கல் முறையில் நாடுகள் பிரிவுகளாகப் பிரிக்கப்படும். ஒரு பிரிவின் ஆட்டங்கள் எல்லாம் ஒரே நாட்டில், சில நாள் இடைவெளிகளில் நடக்கும். ஓர் அணியை ஒரு முறைதான் சந்திக்கலாம்; சொந்தத் திடலில் மறு ஆட்டம் கிடையாது.

இரண்டாம் கட்டம், 16 நாடுகள் ஆடும் ஆசியக் கிண்ணம். நான்கு பிரிவுகளிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் எட்டு நாடுகள் காலிறுதிக்கும், அதன்வழி உலகக் கிண்ணத்திற்கும் போகின்றன. முன்பு அரையிறுதி வரை சென்றால்தான் அந்த இடம் கிடைத்தது.

6 கோல் அடித்தும் வெளியேறிய ஆண்டு

2018-இல் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணத்தை மலேசியாவே ஏற்று நடத்தியது. முதல் ஆட்டத்தில் தாஜிகிஸ்தானை 6-2 என வீழ்த்தியது. அடுத்து தாய்லாந்திடம் 2-4, ஜப்பானிடம் 0-2 எனத் தோல்வி கண்டு பிரிவு ஆட்டங்களோடு வெளியேறியது. மலேசியாவிடம் ஆறு கோல் வாங்கிய தாஜிகிஸ்தானோ இறுதியாட்டம் வரை முன்னேறி, 2019-இல் பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஆடியது. மூன்றே ஆட்டங்கள் கொண்ட பிரிவில் ஒரு பெரிய வெற்றியும் ஒரு சிறிய வெற்றியும் தருவது அதே 3 புள்ளிதான்.

அதே போட்டியின் காலிறுதி ஒன்று பெட்டாலிங் ஜெயா அரங்கில் நடந்தது. ஈரானையும் இந்தோனேசியாவையும் கோல் விடாமல் சமன் செய்து வந்த இந்திய அணி, அங்கே தென்கொரியாவிடம் 0-1 என வீழ்ந்தது. ஒரே கோலில் உலகக் கிண்ண வாய்ப்பு கைநழுவியது.

கணக்கில் சேராத 14 கோல்கள்

2022 அக்டோபர் 9-ஆம் தேதி இந்தோனேசியாவின் போகோரில் நடந்த தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், விதிமுறையின் அருமையைக் காட்டியது. மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்த இந்தோனேசியாவுக்குச் சமநிலை போதும். 7 புள்ளிகளோடு இருந்த மலேசியா வென்றே ஆகவேண்டும். முதல் பாதியிலேயே ஐந்து கோல் புகுத்திய மலேசியா 5-1 என வென்று பிரிவின் முதலிடத்தைப் பிடித்தது.

இந்தோனேசியா 9 புள்ளிகளோடு இரண்டாம் இடம். சிறந்த இரண்டாம் நிலை அணிகளுள் ஒன்றாகத் தேர்வு பெறலாம் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. பிரிவுகளில் அணிகளின் எண்ணிக்கை ஒன்றுபோல் இல்லாததால், பெரிய பிரிவில் கடைசி இடம் பெற்ற அணிக்கு எதிரான முடிவு ஒப்பீட்டில் சேர்க்கப்படாது. குவாமை 14-0 என வென்ற முடிவு அப்படியே நீங்கிப்போனது. பலவீனமான அணிமீது குவித்த கோல்கள் காப்பாற்றவில்லை. பலமான அணியிடம் வாங்கிய ஐந்து கோல்கள் கெடுத்தன.

2026 ஆசியக் கிண்ணத்திற்கு அந்த இரண்டாம் வாய்ப்பும் இல்லை. 2025 உலகக் கிண்ணத்தில் ஆடிய ஒன்பது ஆசிய நாடுகள் நேரடியாக நுழைய, மீதி ஏழு இடங்கள் ஏழு பிரிவுகளின் முதல்நிலை அணிகளுக்கு மட்டுமே. 2025 நவம்பரில் வியட்நாமில் நடந்த பிரிவில் அந்நாடே முதலிடம் பெற, மலேசியா வெளியேறியது. அதே மாதம் அகமதாபாத்தில் இந்தியா 2-1 என ஈரானை வீழ்த்தித் தகுதி பெற்றது.

திடலுக்கு முன் பத்திரம்

வயது விதியில் தளர்வு கிடையாது. 2025 போட்டியில் 2008 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களே ஆட முடிந்தது. அதற்கு முதல் நாள் பிறந்தவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் இடமில்லை. வயது மோசடியைத் தடுக்க 2009 உலகக் கிண்ணத்திலிருந்து மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் எடுத்துப் பார்க்கும் முறையும் நடைமுறையில் உள்ளது.

வயதைவிட நம் குடும்பங்கள் சிலவற்றை அதிகம் பாதிப்பது குடியுரிமை. நாட்டைப் பிரதிநிதிக்கும் ஆட்டக்காரர் அந்நாட்டின் குடிமகனாகவும் கடப்பிதழ் உள்ளவராகவும் இருக்கவேண்டும். பெற்றோரின் திருமணம் பதிவு செய்யப்படாமல், தாய் வெளிநாட்டவராகவும் இருந்தால், மலேசியத் தந்தையின் பிள்ளைக்குக்கூடக் குடியுரிமை தானாகக் கிடைப்பதில்லை. பிறப்பைப் பதியாமல் விட்ட தோட்டத்துக் குடும்பங்களின் சிக்கலும் புதிதல்ல. பள்ளிப் போட்டியில் கோல் அடித்து ஊரே பாராட்டிய பையன், தேசிய அணித் தேர்வு வரும்போது பத்திரத்தால் நின்றுவிடும் நிலை ஏற்படலாம்.

12 வயதில் மைகாட் எடுக்கப் போகும்போதுதான் பல பெற்றோருக்குச் சிக்கலே தெரிய வருகிறது. குடியுரிமை விண்ணப்பம் முடிவாக ஆண்டுகள் பிடிக்கும். 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கான கதவோ அதற்காகக் காத்திருக்காது.

பெற்றோர் செய்யக்கூடியவை

பிறப்புப் பத்திரத்தில் பெயரின் எழுத்து, பிறந்த தேதி, குடியுரிமை நிலை மூன்றையும் தொடக்கப்பள்ளிக் காலத்திலேயே சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் தேசியப் பதிவிலாகாவை அப்போதே நாடுவது நல்லது. திறமையுள்ள பிள்ளைகள் மாவட்ட, மாநில, தேசியப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளில் இடம்பெறுவதை உறுதிசெய்ய வேண்டும். கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி கழகம் போன்ற தேசியப் பயிற்சித் தளங்களின் தேர்வுகள் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே நடப்பதால், ஐந்தாம் படிவம் வரை பொறுத்திருந்து முயல்வது காலங்கடந்த செயலாகிவிடும்.

உலகக் கிண்ணம் ஆண்டுதோறும் நடப்பதால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய பிறப்பாண்டுக்கு வாய்ப்பு வருகிறது. ஒரு பிள்ளைக்கு அந்த ஆண்டு வருவது ஒரே முறை.