விலைக்கு ஒரு விலாசம்

2001 ஏப்ரல். கலிஃபோர்னியாவில் சிப் மார்னிங்ஸ்டார் வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து அவரும் டக்ளஸ் கிராக்ஃபோர்டும் பிரவுசருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். அது வேலை செய்யவில்லை. செய்திக்குள் இருந்த ஒரு கீயின் பெயர் ‘டூ’. ஜாவாஸ்கிரிப்ட் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சொல் அது. பெயராக ஏற்க மறுத்துவிட்டது. ஒதுக்கிய சொற்களின் பட்டியலை எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், எல்லாக் கீயையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டுவிடலாம் என்று கிராக்ஃபோர்டு முடிவெடுத்தார். அந்தச் செய்தி வடிவமான ஜேசனின் முதல் கண்டிப்பான விதி இப்படி வந்தது.

மேற்கோளுக்குள் எதுவும் இருக்கலாம்: புள்ளி, சாய்கோடு, இடைவெளி, தமிழ். எழுதுபவருக்குப் பெரிய சுதந்திரம். தேடுபவருக்கு அது எவ்வளவு சிக்கல் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஜாவாவில் ஜேசனுக்குள் தேடிப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மதிப்பின் வகை தெரியாமல் அந்த மொழி அடுத்த அடி எடுத்து வைக்காது. ஒரு கடையின் ஜேசனில் முதல் நூலின் விலை வேண்டும் என்றால்: கடையைத் திற, ஆப்ஜெக்டா என்று பார். உள்ளே நூல்களை எடு, அரேயா என்று பார். முதல் நூல், அதில் விலை, அது எண்ணா சரமா. ஒரே ஒரு விலைக்கு ஆறேழு வரி. நடுவில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் நல் பாயிண்டர் எக்செப்ஷன். இப்படிப்பட்ட வரிகளை வருஷக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்துத் திறந்தால், எப்படித் தேடினேன் என்பது தெரியும். எதைத் தேடினேன் என்பது தெரியாது. அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

எக்ஸ்எம்எல்லுக்கு இந்தக் குறை 1999-லேயே எக்ஸ்பாத் வந்தபோது தீர்ந்திருந்தது. ஜேசனுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று 2007 பிப்ரவரியில் எழுதியவர் ஜெர்மனியின் ஸ்டெஃபான் கோஸ்னர். ஒரு கட்டுரை, கூடவே ஜாவாஸ்கிரிப்டிலும் பிஹெச்பியிலும் சிறு நிரல், அவ்வளவுதான் ஜேசன்பாத். வேருக்கு டாலர் குறி. ஒவ்வொரு படி இறங்கவும் ஒரு புள்ளி. எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் தேடிவர இரட்டைப் புள்ளி. எக்ஸ்பாத் ஒன்றிலிருந்து எண்ணும். இது நிரலாளர் வழக்கப்படி பூஜ்யத்திலிருந்து. அவர் காட்டிய உதாரணம் ஒரு கடை: நான்கு நூல்கள், ஒரு சைக்கிள். தமிழ்க் கீ வைத்து எழுதினால் இப்படி வரும்:

$.கடை.நூல்கள்[0].விலை
$..விலை

முதலாவது, முதல் நூலின் விலை. இரண்டாவது, சைக்கிளையும் சேர்த்துக் கடையிலுள்ள எல்லா விலையும். எதைத் தேடுகிறோம் என்பது வரியிலேயே நிற்கிறது. அதை வாசிக்கும்போது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

ஜாவாவுக்கு ஜேவே ஜேசன்பாத் என்ற நூலகம் இதைக் கொண்டுவந்தது. அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரட்டைப் புள்ளியோ, நிபந்தனை வைத்துத் தேடும் வடிகட்டியோ உள்ள பாதைக்கு, விடை ஒன்றே ஆனாலும் பட்டியலாகத்தான் தரும். எண் என்று நம்பி வாங்கினால் ஓடும்போது உடையும்.

2013-இல் ஜேசன் பாயிண்டர் வந்தது. அது தேடாது, சாய்கோடுகளால் ஆன ஒரே விலாசம், ஒரே மதிப்பு. ஜாவாவின் ஜாக்சன் நூலகம் இதை ஏற்றது. அந்த இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் நல்லுக்குப் பதில் ‘காணவில்லை’ என்ற கணுவைத் தரும். ஆனால் கீக்குள்ளேயே சாய்கோடு இருந்தால்? ‘தேதி/மாதம்’ என்பதை ‘தேதி~1மாதம்’ என்று எழுத வேண்டும். மேற்கோள் தந்த சுதந்திரத்துக்குக் கட்டும் வரி இது.

ஜேசன்பாத்துக்குத் தரநிலை வர 17 வருஷம் ஆனது. அதுவரை நூலகத்துக்கு நூலகம் விடை மாறியது. 2024 பிப்ரவரியில் வெளியான அந்தத் தரநிலை, ஆர்எஃப்சி 9535-இன் பதிப்பாசிரியர்களில் கோஸ்னரும் ஒருவர். அதன் இலக்கணப்படி, மேலே எழுதிய தமிழ்ப் பாதைகள் இரண்டும் மேற்கோள் இல்லாமலே செல்லும். கீயில் இடைவெளியோ சாய்கோடோ இருந்தால் சதுர அடைப்பும் மேற்கோளும் வேண்டும்.